லே கோர்ட் இல்லத்தில் எழுந்த வினா

இங்கிலாந்தின் தென்பாகத்திலே ஹம்ஷயர் என்னும் மாவட்டம் உண்டு. அங்கே லே கோர்ட் என்னும் பெயர் கொண்ட ஓர் இல்லத்தில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கடுமையான உடற்குறையுடையோர் சிலர் வாழ்ந்து வந்தனர். அவர்கள் எழுப்பிய வினாக்கள் கேட்பதற்கு மிகச் சிறியவை. இரவு எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போவது? விருந்தினர் வந்தால் ஒரு கிண்ணம் மது அருந்தலாமா, கூடாதா? ஆணும் பெண்ணும் தனித்திருந்து பேசலாமா? வெளியே சென்றுவர எவரிடமேனும் அனுமதி பெறவேண்டுமா? வளர்ந்த மனிதர் எவரும் இவற்றைத் தமக்குத் தாமே தீர்மானித்துக் கொள்கின்றனர், பிறரைக் கேட்பதில்லை. லே கோர்ட்டில் வாழ்ந்தோர் கேட்கவேண்டியிருந்தது. அவ்வாறு கேட்டுக்கேட்டுச் சலித்த சிலரின் எதிர்ப்பிலிருந்து, சமூக சேவை என்னும் தொழிலின் அடிப்படையையே அசைத்த ஒரு வரலாறு பிறந்தது. அவ்வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துக் கூற விழைகின்றேன்.

உடல் வலுவுடையவனே முழு மனிதன். அவனுடைய நடையே நடை, அவனுடைய வேகமே வேகம். அவற்றினின்றும் வேறுபட்டவன் குறையுடையவன். ஆதலின் அவனுக்காகப் பிறர் சிந்திக்கவேண்டும் என்றோர் எண்ணம் உலகெங்கும் வேரூன்றியிருக்கின்றது. நிறவேற்றுமையையும் சாதிவேற்றுமையையும் போன்று இதுவும் ஒரு பாகுபாடே என்பதை அறிஞர் இன்று ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயினும் ஏனையவற்றைக் காட்டிலும் இதனை இனங்காணுதல் கடினம். அவை பெரும்பாலும் பகைமையின் முகத்தோடு வருவன. இதுவோ அன்பின் முகத்தோடு, ஒரு தட்டிலே கஞ்சியையும் ஏந்திக்கொண்டு வருவது.

இங்கிலாந்தில் இவ்வெண்ணம் சட்டமாகவே நிலவிய காலம் உண்டு. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உதவி நாடி வந்தோரை வறியோர் சாலைகளுக்குள் புகுத்தியது. உழைக்கக்கூடியவர், உழைக்க இயலாதவர் என்ற பிரிவு அங்கே ஒருவரின் வாழ்வையே தீர்மானித்தது. உடற்குறையுடையோர் உழைக்க இயலாதவர் என்னும் வகுப்பில் வைக்கப்பட்டமையால், அவர்கள் இரக்கத்துக்குத் தகுதியுடையோர் எனப்பட்டனர். அத்தகுதிக்கு ஒரு விலையும் இருந்தது. அது பணிவு. 1869இல் இலண்டனில் தருமங்களை ஒழுங்குபடுத்துவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. வீடு வீடாகச் சென்று, குடும்பத்தின் நிலையை ஆராய்ந்து, உதவிக்குத் தக்கவர் யார், தகாதவர் யார் என்று பிரித்தெழுதும் முறையை அச்சங்கத்தார் வளர்த்தனர். அச்சங்கத்தின் சார்பில் 1895இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலைக்கு மேரி ஸ்ருவாட் என்னும் பெண்மணி அனுப்பப்பட்டார். வைத்தியசாலைச் சமூக சேவையின் தொடக்கமாக அவரைக் கூறுவது வழக்கம். அவருடைய கடமைகளுள் ஒன்று, இலவச வைத்தியத்துக்கு உரியவரல்லாதாரைக் கண்டறிவதாகும். ஆகவே, சமூக சேவையாளர் பிறந்தபோதே ஒரு கையிலே உதவியும் மறு கையிலே அளவுகோலும் இருந்தன. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் எவரும் ஏதோ ஓர் அளவுகோலை வைத்திருக்கவே வேண்டும். அளப்பவர் எதனை அளக்கின்றார் என்பதே பின்னர் எழுந்த வினா.

1948இல் தேசிய உதவிச் சட்டம் நிறைவேறி, வறியோர் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்ததேயன்றிக் கட்டடங்கள் ஒழியவில்லை. பழைய வறியோர் சாலைகள் பலவும் பெயர் மாறி, முதியோர் வைத்தியசாலைகளாகவும் விடுதிகளாகவும் நின்றன. இளவயதிலேயே கைகால் வலுவிழந்த ஒருவருக்குக் குடும்பத்தின் ஆதரவு இல்லையாயின், மரணத்தை எதிர்நோக்கியிருந்த முதியோரின் நடுவே ஒரு கட்டில் கிடைக்கும். அவ்வளவே.

இந்நிலையிலேதான் லெனாட் செஷயர் என்பவர் வருகின்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானமோட்டியாகப் பணியாற்றி, விக்ரோறியாச் சிலுவை என்னும் உயர் விருதைப் பெற்றவர் அவர். 1945 ஆவணி 9ஆம் நாள் நாகசாகி நகர்மீது அணுக்குண்டு வீசப்பட்டபோது, பிரித்தானியாவின் பார்வையாளராக வானிலிருந்து அதனைக் கண்டவரும் அவரே. போர் முடிந்தபின் லே கோர்ட் மாளிகையிலே முன்னாட் போர்வீரர்க்கென ஒரு கூட்டுவாழ்வு முயற்சியைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. 1948இல், புற்றுநோயால் இறக்கும் தறுவாயிலிருந்த ஆதர் டைக்ஸ் என்பவருக்குப் போக்கிடம் இல்லை என்றறிந்து, அவரைத் தம் மாளிகைக்கே அழைத்துவந்து, தம் கையாலேயே பணிவிடை செய்தார். ஒருவரைத் தொடர்ந்து ஒருவராகப் பலர் வந்தனர். செஷயர் இல்லங்கள் என்னும் பெரிய அறநிலையம் அவ்வாறு தோன்றிப் பல நாடுகளிலும் பரவியது. நம் இலங்கையிலும் அப்பெயருடைய இல்லங்கள் எழுந்தன. செஷயருடைய உள்ளத்தின் ஈரத்தை எவரும் ஐயுறவில்லை. பின்னர் எதிர்த்தெழுந்தோரும், வைத்தியசாலைக் கட்டிலைவிட லே கோர்ட் பன்மடங்கு மேலானது என்பதை மறுத்தாரல்லர். வரலாற்றின் சிக்கலும் அங்கேதான் இருக்கின்றது. கொடியவரை எதிர்ப்பது எளிது. நல்லவரை எதிர்ப்பது எளிதன்று.

1956ஆம் ஆண்டில் போல் ஹண்ட் என்னும் இளைஞர் லே கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 19. தசைகள் மெல்லமெல்ல வலுக்குன்றும் நோயுடையவர். சக்கர நாற்காலியின்றி இயங்க முடியாதவர். அதற்குமுன் வைத்தியசாலையொன்றில், தம்மிலும் மிக மூத்த நோயாளரிடையே நாட்களைக் கழித்தவர். லே கோர்ட்டில் அவருக்குத் தோழர் கிடைத்தனர். அங்கிருந்தோர் வெறுமனே கட்டிலிற் கிடந்தவரல்லர். ஒரு பத்திரிகை நடத்தினர். திரைப்படம் எடுப்பதற்கென ஒரு குழுவும் அமைத்திருந்தனர். நிருவாகக் குழுவிலே தமக்கும் இடம் வேண்டும் என்று கேட்டனர். 1950களின் பிற்பகுதியில் நிருவாகத்தார் புதிய கட்டுப்பாடுகளைப் புகுத்த முனைந்தபோதுதான், தொடக்கத்திற் குறிப்பிட்ட வினாக்கள் கிளம்பின. எதிர்த்துப் பேசியோரை இல்லத்தினின்றும் வெளியேற்றுவோம் என்ற அச்சுறுத்தலும் எழுந்தது. உடுக்கவும் உண்ணவும் பிறர் கையை நாடியிருக்கும் ஒருவருக்கு அவ்வச்சுறுத்தல் எத்தகையது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். வேலை நிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு மீண்டு செல்ல ஒரு வீடாவது உண்டு.

ஹண்ட் 1966இல் ஒரு நூலைத் தொகுத்தளித்தார். உடற்குறையுடையோர் பன்னிருவர் தம் அநுபவத்தைத் தாமே எழுதிய கட்டுரைகள் அவை. அந்நூலுக்கு 'களங்கம்' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. அதிலே ஹண்ட் எழுதிய கட்டுரை, சமுதாயம் தம் போன்றோரை ஐந்து வகையாகக் காண்கின்றது எனக் கூறுகின்றது: பாக்கியமற்றவர், பயனற்றவர், வேறானவர், ஒடுக்கப்பட்டவர், நோயாளர். இவ்வைந்தினுள் 'ஒடுக்கப்பட்டவர்' என்பதனை அவர் சேர்த்தமை ஈண்டு நோக்கற்பாலது. ஏனைய நான்கும் தனி மனிதனின் உடலையோ விதியையோ சார்ந்தவை. ஒடுக்கப்படுதல் என்பதற்கோ ஒடுக்குவோர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

இனி இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதிக்கு வருவோம்.

நிருவாகத்தோடு போராடிக் களைத்த லே கோர்ட் வாசிகள், அறிவியலின் துணையை நாடினர். இலண்டனிலே தவிஸ்ரொக் நிறுவனம் என்பது நிறுவனங்களின் உள்வாழ்வை ஆராய்வதிற் பெயர் பெற்றது. தமது இல்லத்தை வந்து ஆராயுமாறு 1962இல் அதற்கு அவர்களே விண்ணப்பித்தனர். நடுநிலையாளர் ஒருவர் வந்து பார்த்தால் தம் பக்கத்து நியாயம் புலப்படும் என்பது அவர்தம் நம்பிக்கை. சில ஆண்டுகள் கழிந்தபின், அரசாங்கத்தின் பணவுதவியோடு எரிக் மில்லர், ஜெரல்டீன் குவின் என்னும் இருவர் ஆராய்ச்சியை மேற்கொண்டனர். அவர்களுடைய நூல் 1972இல் வெளிவந்தது.

அந்நூல் இத்தகைய இல்லங்களை இரு வகையாகப் பிரித்தது. ஒன்று, பண்டங்களைப் போல் மனிதரை இறாக்கைகளில் வைத்துப் பேணும் களஞ்சியமுறை. மற்றது, செடிகளைப் போல் அவர்களை வளர்த்து மலரச்செய்ய முயலும் தோட்டமுறை. இவ்வளவில் நூலாசிரியரின் நோக்கு கூர்மையானதே. ஆயின், இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியாகிய, மனிதர் தம் சொந்த வீட்டில் வாழும் முறையை, அவர்கள் உரிய கவனத்தோடு ஆராயவில்லை. சுவீடன் நாட்டிலே 1960களிலேயே, கடும் உடற்குறையுடையோர் சாதாரணக் குடியிருப்புகளிலே தத்தம் வீட்டில் உதவியாளர் துணையோடு வாழும் திட்டமொன்று தொடங்கியிருந்தது. லே கோர்ட்டில் இருந்தோர்க்கு அது தெரியும். ஆராய்ச்சியாளரோ வேறொரு முடிவுக்கு வந்தனர். இல்லத்துக்குள் புகுந்தவரைச் சமுதாயம் தன்னளவில் இறந்தவராகவே கணக்கெழுதிவிட்டது. ஆகவே, அச்சமுதாய மரணத்திலிருந்து உடலின் மரணம் வரையுள்ள காலத்தை இயன்றவரை இதமாகக் கழிக்க உதவுவதே இல்லத்தின் பணி என்பதே அம்முடிவின் சாரம். ஆராய்ச்சியின்போது தாமே மனமுடைந்து துயருற்றதையும் அவ்விருவர் மறைக்கவில்லை. அவர்கள் கல்நெஞ்சரல்லர். தம்மை நம்பி அழைத்தவரைப் பார்த்து, உங்களைச் சமுதாயம் புதைத்தது தவறு என்று கூறாமல், புதைகுழியைச் சற்று வசதியாக்கலாம் என்று கூறினர்.

ஹண்ட் இதற்கு எழுதிய மறுப்புக் கடுமையானது. ஆராய்ச்சியாளர் நடுநின்றாரல்லர், ஒடுக்குவோர் பக்கமே நின்றனர் என்றும், பிறர் துன்பத்தை வைத்துத் தம் தொழிலை வளர்ப்போர் அவர் என்றும் அவர் சாடினார். அக்கட்டுரை அவர் இறந்தபின், 1981இலேயே அச்சேறியது. அதன் சொற்களிலே மிகுதியான வெம்மை உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும், தம் மரணத்தைப் பற்றி அந்நியர் எழுதிய நூலைப் படிக்கும் ஒருவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமா என்பதும் உடனே தோன்றுகின்றது.

அதே 1972ஆம் ஆண்டு புரட்டாதி 20ஆம் நாள் கார்டியன் பத்திரிகையில் ஹண்டின் சிறு கடிதம் ஒன்று வெளிவந்தது. வறியோர் சாலைகளின் வாரிசுகளாய் விளங்கும் இல்லங்களிலே வாழ்வோரும், நாளை அங்கே செல்ல நேரக்கூடியோரும் ஒன்றுகூடித் தம் கருத்தை நாடறியச் சொல்லவேண்டும் என்பது அதன் செய்தி. அவ்வழைப்பினின்றும் பிறந்ததே, உடற்குறையுடையோரை ஒதுக்கிவைத்தலை எதிர்க்கும் சங்கம். அதிலே முழு உறுப்பினராகும் உரிமை உடற்குறையுடையோர்க்கே இருந்தது. வைத்தியரும் சமூக சேவையாளரும் அனுதாபிகளாக வெளியே நிற்கலாம், வாக்களிக்க முடியாது.

அழைப்பை ஏற்று வந்தோருள் விக் பிங்கெல்ஸ்ரைன் என்பவர் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவர். இளமையிலே கோலூன்றிப் பாயும்போது கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலியை நாடியவர். நிறவொதுக்கலை எதிர்த்துச் சிறை சென்றவர். 1968இல் பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்தவர். ஒருவர் எங்கே வாழலாம், எந்தப் பாடசாலையிற் படிக்கலாம், எந்த வண்டியில் ஏறலாம் என்பவற்றை அவருடைய தோலின் நிறம் தீர்மானித்த நாட்டிலிருந்து வந்தவருக்கு, அவற்றையே கால்களின் வலு தீர்மானித்த நாடு புதுமையாகத் தோன்றவில்லை.

அவர் புனைந்த கதையொன்று புகழ்பெற்றது. சக்கர நாற்காலியில் இருப்போர் மட்டுமே வாழும் ஒரு கிராமம். எவரும் நிமிர்ந்து நடவாத ஊரில் உயர்ந்த வாயில்கள் எதற்கு? கூரைகளையும் நிலைகளையும் தாழ்வாகவே கட்டினர். பின்னர், நடமாடக்கூடியோர் சிலர் அங்கே குடியேறினர். சென்ற இடமெல்லாம் தலை இடித்தது. நெற்றியிலே காயம் ஆறுவதேயில்லை. கிராமத்து வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து, இவர்களுக்குற்றது ஒரு புதுவகை ஊனம் என்று அறிக்கை எழுதினர். இலவசமாகத் தலைக்கவசம் கொடுத்தனர். குனிந்தவாறே நிற்பதற்கு இடுப்புப் பட்டிகளும் செய்தளித்தனர். வேலை கொடுப்பாரில்லை. இரக்கமுள்ளோர் ஒரு தருமச் சங்கத்தை அமைத்து, கடைவாயில்களிலே தலைக்கவசத்தைக் கவிழ்த்துவைத்து நாணயம் சேர்த்தனர். ஒருநாள், இடிபட்டோருள் சிலர் கூடிப் பேசியபோதே, பிழை நெற்றியில் இல்லை, நிலையில் இருக்கின்றது என்று அவர்களுக்குப் புலப்பட்டது. பாடசாலை நிருவாகத்தோடு பழகியோர்க்கு இக்கதை உடனே விளங்கும். மேல்மாடியிலுள்ள வகுப்பறைக்கு ஏற முடியாத பிள்ளையை 'விசேட' பாடசாலைக்கு அனுப்ப ஆலோசிப்பது ஒரு வழி. அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது மற்றொரு வழி. இரண்டாவதற்கு ஒரு பிற்பகலும் நாலைந்து மாணவரின் கைகளும் போதும்.

1975 கார்த்திகை 22ஆம் நாள் இச்சங்கத்தார்க்கும், உடற்குறையுடையோர்க்கு வருமானம் கோரிப் பாடுபட்ட மற்றொரு கூட்டமைப்புக்கும் ஒரு விவாதம் நடந்தது. எதிர்ப்புறத்திலே தலைமை வகித்தவர் பீற்றர் ரவுன்சென்ட், வறுமையை ஆராய்ந்த பேரறிஞர், நண்பரேயன்றிப் பகைவரல்லர். பணம் கொடுத்தால் துன்பம் தீரும் என்பது அவர் தரப்பு. வறுமை நோயின் அறிகுறி. நோய் வேறு என்பது சங்கத்தின் தரப்பு. அங்கே வகுக்கப்பட்ட வேறுபாடு இன்று உலகெங்கும் வழங்குகின்றது. கைகாலின் குறை உடற்குறை. அக்குறையுடையோரைக் கருத்திற் கொள்ளாது சமுதாயம் தன்னை அமைத்துக்கொண்டமையால் விளையும் தடையே இயலாமை. முன்னது உடலில் உள்ளது. பின்னது படிக்கட்டிலும், பேருந்திலும், படிவத்திலும் உள்ளது. தமிழிலே நாம் ஊனமுற்றோர், அங்கவீனர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளிகள் என்று சொற்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றோம். சொல்லை மாற்றும் ஊக்கத்தில் ஒரு பங்கைப் படிக்கட்டுக்கும் செலவிட்டிருக்கலாம்.

இக்கொள்கையைச் சமூக சேவையாளரின் வகுப்பறைக்குக் கொண்டுசென்றவர் மைக் ஒலிவர். 1962இல் நீச்சற் குளத்திலே பாய்ந்து கழுத்து முறிந்தவர். பின்னர் பல்கலைக்கழக ஆசிரியரானவர். 1983இல் சமூக சேவையாளர்க்கென அவர் எழுதிய நூல், அவர்தம் பயிற்சியிலேயே ஊறியிருந்த ஒரு கோட்பாட்டைத் தாக்கியது. உடற்குறை என்பது ஓர் இழப்பு. உற்றாரை இழந்தவர் துக்கங் காப்பதுபோல் இவரும் அதிர்ச்சி, மறுப்பு, சினம் எனப் பல படிகளைக் கடந்தே மன அமைதி பெறுவார் என்பது அக்கோட்பாடு. கேட்பதற்கு அறிவுடைமையாகவே தோன்றும். ஆயின் அதன் பொறியைக் காண்மின். துக்கப்பட்டால், ஆம், நோய் இருக்கின்றது என்பார்கள். துக்கப்படவில்லையாயின், உண்மையை மறுக்கின்றார் என்பார்கள். சினந்து, வாயிலிலே ஒரு சாய்தளம் கட்டித்தாருங்கள் என்று கேட்டால், இது மூன்றாம் படி என்று குறித்துக்கொள்வார்கள். சாய்தளம் மட்டும் வராது.

1990இல் வெளிவந்த மற்றொரு நூலில், அரசாங்கக் கணக்கெடுப்பின் வினாக்களை ஒலிவர் திருப்பிப் போட்டுக் காட்டினார். உமக்கு என்ன குறை என்ற வினாவைச் சமுதாயத்துக்கு என்ன குறை என மாற்றினார். போத்தல் மூடியைத் திருக முடியாமைக்கு உமது எந்த நோய் காரணம் என்பதை, அம்மூடியின் எந்த அமைப்புப் பிழை காரணம் என மாற்றினார். வினாவொன்றோடு வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் அதிகாரத்தோடு வருகின்றார். தனித்திருக்கும் ஒருவர் அத்தகைய வினாக்களுக்கு மணிக்கணக்கில் விடையளித்தபின், தம் தொல்லைகளுக்கெல்லாம் தாமே காரணம் என்று நம்பிவிடுவார் என்பது ஒலிவரின் கருத்து.

இக்கொள்கைக்குக் குறைகாணாதாரும் இல்லை. ஜெனி மொறிஸ் என்பவர் 1991இல், தடைகளைப் பற்றியே பேசி உடலின் நோவைப் பேசாது விடுவது பெண்களின் அநுபவத்துக்குப் பொருந்தாது என்று எழுதினார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்பவரே. படிகளை எல்லாம் இடித்தாலும் நோவு நோவுதானே. இதனை ஒலிவரைப் பின்பற்றியோர் எளிதிற் கடந்து சென்றனர் என்றே நான் கருதுகின்றேன்.

போல் ஹண்ட் 1970இல் லே கோர்ட்டை விட்டு வெளியேறி, மணஞ்செய்து, சொந்த வீட்டில் வாழ்ந்து, 1979இல் தமது 42ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டிலேயே லே கோர்ட்டில் எஞ்சியிருந்தோர் சிலர் ஒரு திட்டம் வகுத்தனர். ஐக்கிய நாடுகள் சபை 1981ஐ அங்கவீனர் ஆண்டாகப் பிரகடனஞ் செய்திருந்தமையால், தம் முயற்சிக்கும் அவ்வெண்ணையே பெயராக்கினர். ஜோன் எவன்ஸ், பிலிப் மேசன் ஆகியோர் அதனுள் முக்கியமானவர். அவர்களுடைய வாதம் உணர்ச்சியைத் தூண்டுவதன்று, கணக்கு வழிப்பட்டது. எமக்காக இவ்வில்லத்துக்கு மாவட்ட நிருவாகம் பணம் கொடுக்கின்றது; அப்பணத்தையே எம்மிடம் தாருங்கள்; நாமே வீடு பார்த்து, நாமே உதவியாளரை அமர்த்திக்கொள்கின்றோம் என்றனர். எழுப்பவும் குளிப்பாட்டவும் சமைக்கவும் எத்தனை மணிநேர உதவி வேண்டும் என்பதைத் தாமே கணக்கிட்டு உத்தியோகத்தர்முன் வைத்தனர். தனியாளுக்குப் பணமாகக் கொடுப்பதை 1948ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தமையால், மூன்றாந் தரப்பொன்றின் வழியாகப் பணத்தைச் செலுத்த ஏற்பாடாயிற்று. வழி கண்டுபிடித்த உத்தியோகத்தர்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தடுக்கும் சட்டப்பிரிவை எடுத்துக்காட்டுவது அதனிலும் எளிதாயிருந்திருக்கும்.

ஜோன் எவன்ஸ் 1983இல் லே கோர்ட்டினின்றும் தம் வீட்டுக்குச் சென்றார். நேரடியாகப் பணம் வழங்க அநுமதிக்கும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் 1996இல் நிறைவேறியது. தற்சார்பு வாழ்வுக்கென 1988இல் அங்கே நிறுவப்பட்ட நிதியமொன்று, செலவுக் குறைப்பின் பெயரால் 2015 ஆனி மாத இறுதியில் மூடப்பட்டது. யாருடன், எங்கே வாழ்வது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, அங்கவீனருடைய உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தில் 19ஆம் உறுப்புரையாக இடம்பெற்றது. இலங்கை அச்சமவாயத்தை 2016 மாசி 8ஆம் நாள் ஏற்று உறுதிப்படுத்தியது.